சிவப்பைத் தொடாத விரல்

மூன்றாவது தம்ளர் தண்ணீரையும் முத்துலட்சுமி தள்ளிவிட்டாள். தரையில் சிந்தியதைத் துடைக்கக் குனிந்தபோது எனக்குக் கோபம் வந்தது.

பங்குனி மாதத்துப் பிற்பகல். மேற்கே மலைப் பக்கம் மேகம் கூடிக் கூடிக் கலைந்துகொண்டிருந்தது. இராஜபாளையத்துக்கு ஒரு சொட்டு இல்லை. என் மனைவி கட்டிலில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் சிலேட்டு அளவுக்கு ஒரு டேப். இடது கை ஆட்காட்டி விரலால் அதிலிருந்த நீலக் கட்டத்தைத் தொட்டாள். "தண்ணி வேணும்" என்றது அது, என்னுடைய குரலில்.

கொண்டுபோனால் வாயை இறுக்கிக்கொள்கிறாள். நான் அடுப்படி வாசலைத் தாண்டுவதற்குள் மறுபடியும், "தண்ணி வேணும்."

"வேணுமா வேண்டாமா? ஏதாவது ஒண்ண அமுக்குட்டி" என்று சத்தம் போட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு நீலத்தையே மறுபடி தொட்டாள்.

நான்காவது தம்ளரை அவள் கையில் பிடித்துக் கொடுக்கும்போதுதான் விரல் பட்டது. கொதித்தது. நெற்றியைத் தொட்டேன். அதற்குப் பிறகு தம்ளர் என்ன ஆனது என்று எனக்கு ஞாபகம் இல்லை. ஆட்டோ வந்ததும், எதிர்வீட்டு ராஜு நாயுடுவும் நானுமாக அவளைத் தூக்கி உட்கார வைத்ததும்தான் ஞாபகம்.

சிறுநீரில் கிருமி என்றார்கள். இரண்டு நாளாகவே எரிச்சலும் வலியும் இருந்திருக்கும், இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் ஆபத்து என்றார் ஆஸ்பத்திரி டாக்டரம்மா. குறை சொல்லும் தொனியில்லாமல் கேட்டார்: "அவங்க சொல்லலையா?"

சொல்லவில்லை. சொல்வதற்கென்றே, டேப்பில் நான் செய்து வைத்திருந்த பேசும் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்புப் பட்டன் வைத்திருந்தேன். அழுத்தினால் "வலிக்குது, வாங்க" என்று கத்தும். அவள் அதைத் தொடவே இல்லை.

பெங்களூரிலிருந்து ஒரு கணக்கு

இந்தத் தொடரை இன்றுதான் முதலில் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. என் மனைவிக்குப் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் ஓரளவு திரும்பின. பேச்சு திரும்பவில்லை. "அது... அது..." என்பது மட்டும் வரும். எழுத்தும் போய்விட்டது. நாளிதழைத் தலைகீழாகக் கொடுத்தாலும் அப்படியே வைத்துக்கொண்டிருப்பாள். ஆனால் ஆளைத் தெரியும், படத்தைத் தெரியும், சாம்பாரில் உப்புக் குறைந்தால் முகத்தில் தெரியும்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று மகனுக்குப் போன் போட்டேன். சரவணன் பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். எல்லாவற்றையும் படிப்படியாக யோசிப்பவன். அந்தக் குணம் என்னிடமிருந்து அவனுக்குப் போனதுதான், அதனால் குறை சொல்ல முடியாது.

"வலிக்குதுங்கிற பட்டன் வேலை செய்யுதாப்பா?"

"செய்யுது. நானே அமுக்கிப் பாத்தேன்."

"அம்மாவுக்கு வலி இருந்திருக்கு. பட்டனும் இருக்கு. அமுக்கல. அப்ப, அம்மாவுக்கு எதுவும் புரியலன்னுதானப்பா அர்த்தம்?"

அவன் குரல் உடைந்திருந்தது. உடைந்த குரலிலேயே மதுரையில் ஒரு பராமரிப்பு இல்லம் பற்றிச் சொன்னான். எந்நேரமும் நர்ஸ் இருப்பார்கள். கேட்காமலே காய்ச்சல் பார்ப்பார்கள். புரிகிற நோயாளியை வீட்டில் வைத்துக்கொள்ளலாம், புரியாதவரை எழுபத்து நான்கு வயதில் நீங்கள் ஒருவராக எப்படிப் பார்ப்பீர்கள் என்று கேட்டான். வருகிற சனிக்கிழமை வருவதாகவும் அன்றே பேசி முடித்துவிடலாம் என்றும் சொன்னான்.

நான் "வா, பேசுவோம்" என்றேன். வராந்தாவில் பதினான்கு நாற்காலிகள் இருந்தன. அவற்றில் மூன்றுக்குக் கை உடைந்திருந்தது. மனம் கலங்கினால் நான் எதையாவது எண்ணுவேன்.

டைல்ஸ் கடை பாய்

போன வாரம் பஞ்சு லாரி கவிழ்ந்த கதையை எழுதியதற்கு, லாரியில் எத்தனை பேல் பஞ்சுப் பொதி இருந்தது என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கேட்பதற்கும் ஆள் இருப்பதில் சந்தோஷம். எண்பத்தாறு. நிற்க.

அந்தப் பேசும் பக்கம் அவள் மடிக்கு வந்த கதை ஒரு குளியலறையில் தொடங்குகிறது.

அவள் நடக்கத் தொடங்கியபோது குளியலறைத் தரை வழுக்கியது. சொரசொரப்பான டைல்ஸ் தேடி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். சிக்கந்தர் பாயின் கடையில் தரையின் நீள அகலத்தைச் சொன்னதும் அவர் தன் போனை என் பக்கம் திருப்பினார். அதில் ஒரு பக்கம். இரண்டு எண்களைப் போட்டதும் தரையின் படம் கட்டம் கட்டமாக நிரம்பி, கீழே மொத்த டைல்ஸ் எண்ணிக்கை வந்தது.

நான் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் கணக்குப் போட்டேன். பதினொன்று அதிகமாகக் காட்டுகிறது என்றேன்.

"அண்ணாச்சி, நீங்க எண்ணுனது ஒட்டுற டைல்ஸ. இது எண்ணுறது வெட்டும்போது ஒடையிறதயும் சேத்து."

யார் செய்து கொடுத்தது என்று கேட்டேன். "நாந்தான்" என்றார். அவருக்கு அடக்கமெல்லாம் கிடையாது. என்ன படித்திருக்கிறார் என்று கேட்டதற்கு, பத்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்ததாகப் பெருமையாகவே சொன்னார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. இணையப் பக்கங்களோடு என் அனுபவம் வேறு மாதிரி. மின் கட்டணப் பக்கம் என்னை நான்கு தடவை வெளியே தள்ளியிருக்கிறது. ரயில் டிக்கெட் பக்கத்தில், செங்கோட்டை வண்டிக்கு என் பெயரை அடித்து முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். இவற்றைச் செய்கிறவர்கள் எங்கோ கண்ணாடிக் கட்டடத்தில் இருக்கிறார்கள், நாம் அடி வாங்குகிறவர்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

சிக்கந்தர் பாய் கடையில் கூட்டமில்லாத நேரம் பார்த்து எனக்குக் காட்டினார். கணினி நிரல் என்று ஒரு வரி எழுத வேண்டாம். திரையின் ஓரத்தில் வண்ண வண்ணத் துண்டுகள் இருக்கின்றன. ஒரு துண்டில் 'பட்டனைத் தொட்டால்' என்றிருக்கிறது. இன்னொன்றில் 'இந்த ஒலியைக் கொடு'. இரண்டையும் விரலால் இழுத்துப் பக்கத்தில் வைத்தால், ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் பொருந்திக்கொள்கிறது. பொருந்தாதது பொருந்தாது. அதனால் தப்பாகக் கோக்கவும் முடியாது. முடித்ததும் ஒரு முகவரி கொடுக்கும். எந்த போனில் அதைத் திறந்தாலும் நாம் செய்த பக்கம் வரும்.

கடையின் டீ ஆறியிருந்தது. நான் டைல்ஸை மறந்துவிட்டேன்.

"வீட்டுல ஒரு ஆளு பேச முடியாம இருக்காக பாய். படத்தைத் தொட்டா பேசுத மாதிரி இதுல செய்ய ஏலுமா?"

அவர் நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். "செய்ய ஏலும் அண்ணாச்சி. ஆனா நான் செஞ்சு தர மாட்டேன். நீங்கதான் செய்யணும். நாளைக்கு ஒண்ண மாத்தணும்னா வில்லிபுத்தூருக்கு பஸ் ஏறி வருவீகளாக்கும்?"

இதையே நான் முதலில் சரவணனிடம்தான் கேட்டிருந்தேன். முறையாகத் திட்டம் எழுதி, வடிவமைத்து, சோதித்துத்தான் செய்ய வேண்டும், தீபாவளிக்கு வரும்போது தானே செய்து தருகிறேன் என்று சொல்லியிருந்தான். தீபாவளிக்கு வந்தான். மூன்று நாளும் அலுவலகத்துக்காரர்கள் அவனைக் கணினியை விட்டு எழுந்திருக்க விடவில்லை. சொன்னதை அவன் மறக்கவில்லை. கிளம்பும்போது அவன் முகமே சொன்னது.

டவுன் பஸ்ஸில் ஐந்து தடவை போய் வந்தேன். இணையத்தில் கிடைக்கிற படங்களைப் போடாதீர்கள், உங்கள் வீட்டுத் தம்ளரையே படமெடுத்துப் போடுங்கள் என்று சொன்னவர் பாய். நல்ல யோசனை. எங்கள் எவர்சில்வர் தம்ளர், எங்கள் மின்விசிறி, அவள் கட்டில், அவள் தங்கையின் முகம். எல்லாவற்றுக்கும் நானே குரல் கொடுத்தேன். மொத்தம் இருபத்து நான்கு பட்டன்கள்.

வண்ணங்களுக்கு மட்டும் ஒரு முழு நாள் ஆனது. சாப்பாடு, தண்ணீர் வகைக்கு நீலம். 'சரி', தங்கைக்குப் போன் போடு, டிவி போன்றவற்றுக்குப் பச்சை. உடனே கவனிக்க வேண்டியவை மூன்றுக்கும் சிவப்பு: 'வலிக்குது', 'டாக்டர்', 'வேண்டாம்'. அவசரம் என்றால் சிவப்பு. அதில் யோசிக்க என்ன இருக்கிறது?

கடைசியாக ஒரு துண்டை நானாகக் கண்டுபிடித்துக் கோத்தேன். எந்தப் பட்டன் எத்தனை தடவை தொடப்பட்டது என்று மூலையில் எண்ணிக்கொண்டே இருக்கும். "இது யாருக்கு அண்ணாச்சி, அவியளுக்கா ஒங்களுக்கா?" என்று பாய் கேட்டார். எனக்குத்தான் என்று ஒப்புக்கொண்டேன்.

மூன்று பூஜ்யம்

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, சனிக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தபோது, அந்த மூலையைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் நூற்றுப் பத்தைத் தாண்டியிருந்தது. மின்விசிறி எழுபத்து இரண்டு. தங்கைக்குப் போன் ஐம்பத்தொன்று. 'வலிக்குது' பூஜ்யம். 'டாக்டர்' பூஜ்யம்.

'வேண்டாம்' என்பதும் பூஜ்யம்.

நான் அந்த எண்ணை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வலி தெரியாமல் போயிருக்கலாம். டாக்டர் என்பது புரியாமல் போயிருக்கலாம். ஆனால் இவள் முத்துலட்சுமி. கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் அதிகம் கேட்ட சொல் 'வேண்டாம்'. நான் வாங்கி வந்த சேலை வேண்டாம், நான் பார்த்த வீடு வேண்டாம், மகனுக்கு நான் வைக்க நினைத்த பெயர் வேண்டாம். மூன்றிலும் அவள்தான் சரி. அப்படிப்பட்டவளுக்கு இத்தனை மாதத்தில் ஒரு தடவைகூட எதுவும் வேண்டாததாக இல்லாமலா இருந்திருக்கும்?

சர்க்கரை போடாத காபியைக் கொண்டுபோனேன். டாக்டர் உத்தரவு. ஒரு வாய் குடித்ததும் முகத்தைச் சுளித்தாள். இடது கை எழுந்தது. விரல் நேராகச் சிவப்புக்கு மேலே போனது. ஒரு நூலிழை உயரத்தில் நின்றது. தொடவில்லை. விரலை எடுத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

அந்தப் பார்வை எனக்குத் தெரிந்த பார்வை.

நாங்கள் இருவரும் ஒரே நூல் மில்லில் வேலை பார்த்தோம், நான் நூல் சோதனைக் கூடத்தில் இருந்தேன். அவள் வைண்டிங் பிரிவு. கோன் என்கிற கூம்பில் நூல் சுற்றும் வேலை. முடிச்சு விழுந்தது, கவுண்ட் (நூலின் பருமன்) மாறியது, கறை பட்டது என்று எந்தக் கோனில் சந்தேகம் வந்தாலும் அதன் மூக்கில் சிவப்புச் சாக்கட்டி தடவிச் சிவப்புக் கூடையில் போட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு வைண்டிங் பெண்கள் அதைத் தொடக்கூடாது. தொட்டால் அந்த ஷிப்டு முழுக்க மேஸ்திரியிடம் ஏச்சு வாங்க வேண்டும். சோதனைக் கூடத்து ஆள் வந்து எடுத்துப் போகும்வரை கூடைக்குப் பக்கத்தில் நின்று காத்திருக்க வேண்டும்.

அந்தச் சோதனைக் கூடத்து ஆள் நான்தான். சிவப்பைப் பார்த்தால் என் கால் தானாக அங்கே போகும். அவளுக்கு, கை தானாகப் பின்னால் போகும். இருபத்தாறு வருஷம் அந்தக் கூடைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். அவளை நான் முதலில் பார்த்ததே அப்படி அவள் காத்து நின்றபோதுதான்.

இப்போதும் காத்துத்தான் இருந்திருக்கிறாள். காய்ச்சலில் கொதித்துக்கொண்டு, தொடக்கூடாததைத் தொடாமல், தொடக்கூடிய நீலத்தைத் தொட்டு என்னைத் திரும்பத் திரும்ப வரவழைத்திருக்கிறாள். நான் தம்ளரோடு வந்து வந்து திரும்பியிருக்கிறேன்.

ஆறாத காபி

டேப்பை வாங்கினேன். வண்ணப் பலகையைத் திறந்தேன். எங்கள் மில்லில் அறுபதாம் கவுண்டுக்கு மஞ்சள் கோன். அவள் அதிக வருஷம் ஓட்டியது அந்த நூல்தான். மூன்று பட்டனையும் மஞ்சளாக்கினேன். அவ்வளவுதான் வேலை. காபிக்கு மேலே ஆவி இன்னும் போய்க்கொண்டிருந்தது.

டேப்பை மடியில் வைத்தேன். அவள் பார்த்தாள். விரல் தயங்காமல் போய் உட்கார்ந்தது.

"வேண்டாம்" என்றது என் குரல்.

அந்தச் சொல்லை அதுவரை அவ்வளவு சந்தோஷமாக நான் கேட்டதில்லை. காபியை எடுத்துக்கொண்டு போனவன் அடுப்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

நன்றி சொல்ல ஆள் தெரியாமல் இருப்பது ஒரு கஷ்டம். சிக்கந்தர் பாய்க்கு அன்றே போனில் சொன்னேன். "சிவப்பு டைல்ஸும் நம்மகிட்ட ஓடாது அண்ணாச்சி" என்று அதையும் தன் வியாபாரத்தோடு சேர்த்துக்கொண்டார். ஆனால் அந்தத் துண்டுகளைச் செய்தவர்கள் யார்? ஒன்றின் மேடு இன்னொன்றின் பள்ளத்தில் பொருந்த வேண்டும் என்று யோசித்து, என்னைப் போல் ஒரு வரியும் எழுதத் தெரியாதவன் ஒரு நாள் வருவான் என்று முன்கூட்டியே இடம் விட்டு வைத்த அந்த மனிதர்கள்? அவர்கள் எந்த ஊர் என்றுகூட எனக்குத் தெரியாது. எங்கள் மில்லின் சிவப்புக் கூடையை அவர்கள் அறிந்திருக்க வழியில்லை. உலகத்தில் மிகப் பெரிய நிபுணரைக் கூட்டி வந்து இந்தப் பக்கத்தைச் செய்யச் சொல்லியிருந்தாலும் அவரும் சிவப்பைத்தான் வைத்திருப்பார். மாற்றுகிற வேலையை அவர்கள் என் கையில் விட்டார்களே, அதற்குத்தான் நன்றி. கூடையைத் தெரிந்தவன் கையில் வண்ணப் பலகையும் இருந்தது.

சனிக்கிழமை

அதற்குப் பிறகு ஒரு சங்கடம் வந்தது. அவளுக்கு எல்லாமே வேண்டாததாகிவிட்டது. இட்லி வேண்டாம். செய்தி சானல் வேண்டாம். எதிர்வீட்டு ராஜு நாயுடு பார்க்க வந்து பாதிப் பேச்சில் இருக்கும்போது வேண்டாம். இத்தனை மாதத்துப் பாக்கியைத் தீர்க்கிறாளோ என்று நினைத்தேன். நான்கு நாளில் மூலையில் நூற்று நாற்பது ஏறியிருந்தது.

சரவணன் வந்து அவள் கட்டிலில் உட்கார்ந்தான். நான் கதையைச் சொன்னேன். மஞ்சளைக் காட்டினேன். கவனமாகக் கேட்டான். பக்கத்தை முழுக்க விரலால் தள்ளிப் பார்த்தான். "நல்லா செஞ்சிருக்கீங்கப்பா" என்றான். அவன் தொழிலில் அவனிடம் நான் வாங்கிய ஒரே பாராட்டு.

பிறகு போனில் அந்த இல்லத்தின் படங்களை அம்மாவுக்குக் காட்டினான். வெள்ளைச் சுவர், வரிசையாகப் பன்னிரண்டு கட்டில், ஒரு வேப்பமரம்.

"அம்மா, இங்க போய்க் கொஞ்ச நாள் இருக்கியா?"

விரல் மஞ்சளுக்குப் போனது. "வேண்டாம்."

நான் அவனைப் பார்த்தேன். அவன் மூலையிலிருந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எதுக்குமே இதத்தான அமுக்குறாங்கப்பா" என்றான் மெதுவாக. "முன்னால எல்லாத்துக்கும் தண்ணி. இப்ப எல்லாத்துக்கும் வேண்டாம். புரிஞ்சுதான் சொல்றாங்கன்னு எப்படிப்பா எடுத்துக்க முடியும்?"

நியாயமான கேள்வி. நானே சோதனைக் கூடத்தில் இருந்தவன். எப்போதும் ஒரே எண்ணைக் காட்டுகிற அளவுமானியை நானும் நம்ப மாட்டேன். ஜன்னல் கம்பிகளை எண்ணத் தொடங்கினேன்.

அவன் போனை வைத்துவிட்டு அம்மாவின் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்ந்தான். எதற்கும் வேண்டாம் என்பவளிடம், வேறு பதில் வரக்கூடிய ஒரு கேள்வியைத் தேடினான் என்று நினைக்கிறேன். எப்போதும் நேராகப் பேசுகிறவன், அன்றைக்கு என்ன தோன்றியதோ.

"சரிம்மா. நீ வர வேண்டாம். அப்பாவ மட்டும் கொண்டுபோய் அங்க விட்டுட்டு வந்துரவா?"

முத்துலட்சுமி அவனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், மேலிருந்து கீழாக, ஒரு கோனைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பதுபோல. உதட்டின் இடது ஓரம் மெல்ல மேலே ஏறியது. விரல் மஞ்சளைத் தாண்டி, நீலத்தைத் தாண்டி, பச்சை வரிசைக்குப் போய் நின்றது.

"சரி, அப்படியே செய்யுங்க" என்றது என் குரல்.

சரவணன் முதலில் சிரித்தான். பிறகு அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டான். அவன் முதுகு குலுங்கியது. நான் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

எனக்குக் காது கேட்கவில்லையோ என்று அவள் இன்னொரு தடவை அமுக்கினாள்.